ஐந்தாவது மனு

'பொருள்' என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தாள்.

கல்விக் கடன் வட்டித் தள்ளுபடி கோருதல் தொடர்பாக.

அனுப்புநர் எழுதியாயிற்று. பெறுநர் எழுதியாயிற்று. ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசை. அதில் எதையும் அவள் விட்டதில்லை.

வங்கி, கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து முகாம் நடத்தியது. மாடியில் அதிகாரிகள். கீழே சாப்பாட்டுக் கூடம். பந்தி மேசையில் நேற்றைய விருந்தின் காகித விரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் அவளுடைய வெள்ளைத்தாள்.

நிபந்தனைகளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வருமானம் எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டும் வட்டி முழுதும் தள்ளுபடி. படித்த படிப்பால் பிழைக்க வழி கிடைக்கவில்லை என்று எழுதித் தர வேண்டும். கையெழுத்தை அதிகாரி முன்னால்தான் போட வேண்டும்.

எழுதினாள்.

"நான் மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றுள்ளேன். இப்படிப்பால் எனக்கு இன்றுவரை ஒரு ரூபாய்கூட வருமானம் இல்லை."

படித்துப் பார்த்தாள். பிழை இல்லை.

வாங்கியது மூன்று லட்சத்து நாற்பதாயிரம். இன்றைக்கு நிற்பது ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம். ஜாமீன் கையெழுத்து அப்பாவுடையது. பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பென்ஷன் கணக்கை முடக்கி ஏழு மாதம் ஆகிறது. மனுவை ஏற்றுக்கொண்டால் இன்றைக்கே திறந்துவிடுவார்கள்.

அப்பா எதிரில் நின்றார். தாளைக் கையில் வாங்கவில்லை. எட்டிப் பார்த்தார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வெற்றுத்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் சேர்மக்கனி. மகன் பொறியியல் முடித்து மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறான். அவனுக்கும் ஒரு மனு எழுதித் தர முடியுமா என்று கேட்டாள்.

சேர்மக்கனி நாலு வாக்கியம் பேசுவதற்குள், சொந்த ஊர் உடன்குடிக்குத் தெற்கா என்று இவள் கேட்டுவிட்டாள்.

"எப்படித் தாயி கண்டுபுடிச்ச?"

ஊருக்கு ஊர் மாறுகிற பேச்சைத்தான் இரண்டு வருடம் படித்தேன் என்று சொல்லவில்லை.

எழுதி நீட்டியதும் சேர்மக்கனி ஐம்பது ரூபாயை மேசைமேல் வைத்தாள். வேண்டாம் என்றதற்கு, வெளியே நூறு கேட்கிறார்கள், பேசாமல் வாங்கிக்கொள் என்றாள். அப்பா எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு அப்பாவே ஆள் கூட்டிவந்தார்.

நர்சிங் படித்தவள் ஒருத்தி. கேட்டரிங் படித்தவன் ஒருவன். கம்ப்யூட்டர் படித்த மகளுக்காக ஒரு டெய்லர்.

எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தை எழுத அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு படிப்பையும் ஒவ்வொரு விதமாகக் குறை சொன்னாள். அவரவர் பேசுகிற தோரணை மாறாமல் எழுதினாள். டெய்லர் தன் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்பா அவரிடம் சொன்னது காதில் விழுந்தது. என் மகள்தான், மொழியிலேயே பெரிய படிப்பு.

அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. ஊரில் யாராவது விசாரித்தால், டீச்சருக்குப் படித்திருக்கிறாள் என்பார்.

நான்கு ஐம்பது. இருநூறு.

மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். கடன் அடைய, பத்தாயிரத்து இருநூற்று நாற்பது மனு. அதுவும் வட்டி மேலே ஏறாமல் இருந்தால்.

தன் மனுவை எடுத்தாள். 'ஒரு ரூபாய்கூட' என்ற இடத்தில் பேனா நின்றது.

அடித்தால் தாள் அசிங்கமாகும்.

விட்டுவிட்டாள்.

மாடியிலிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பாவும் கூடவே ஏறினார்.

மணமேடைக்கு முன்னால் மேசை போட்டிருந்தது. அதிகாரி ஒரு பெண். நேற்றைய மாலையிலிருந்து உதிர்ந்த சம்பங்கி அவர் நாற்காலிக்கடியில் கிடந்தது.

மனுவைப் படித்தார். திரும்பவும் படித்தார். பக்கத்தில் இருந்த மனுக் கட்டுக்குள்ளிருந்து நான்கு தாள்களை உருவி வரிசையாகப் பரப்பினார். ஐந்தாவதாக அவளுடையதை வைத்தார்.

ஐந்திலும் ஒரே உருண்டை எழுத்து. ஐந்திலும் 'பொருளு'க்குப் பக்கத்தில் அளவெடுத்த மாதிரி இரண்டு புள்ளி.

இதையெல்லாம் யார் எழுதிக்கொடுப்பது, காசு வாங்குகிறார்களா என்று கேட்டார். அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள்.

"கீழ ஒரு பிள்ளை எழுதுது மேடம்," என்றார் அப்பா. "அம்பது ரூவா வாங்குது. நாங்களும் குடுத்துத்தான் எழுதுனோம்."

அவர் கை சட்டைப் பையின்மேல் இருந்தது.

அதிகாரி லேசாகச் சிரித்தார். எம்.ஏ. படித்தும் ஒரு மனுவுக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது, அப்புறம் எப்படி வேலை கிடைக்கும் என்றார்.

அப்பா அதற்கும் தலையாட்டினார்.

பேனா அவள் பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டு, கீழே பெயரை முழுதாக எழுதச் சொன்னார்கள்.

மற்ற நான்கு மனுக்களும் மேசையில் விரிந்தே கிடந்தன. அதிகாரியின் பார்வை அவள் விரல்மேல் இருந்தது.

'தங்கள் உண்மையுள்ள' என்று முத்து முத்தாக எழுதியிருந்ததற்குக் கீழே, தன் பெயரின் முதல் எழுத்தைக் கோணலாக ஆரம்பித்தாள்.