மண்டையில ஏறலண்ணே

அந்த அம்மா கையைத் தூக்கினாலே கடுகுக்கு எரிச்சல் வரும்.

கடுகு அந்த ஹோட்டலின் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக விருந்தினர் கார் ஓட்டுகிறார். எடுத்ததுக்கெல்லாம் வெடிப்பார். அதனால் அந்தப் பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

புது மேனேஜர் வந்து ஒரு குண்டைப் போட்டார். மாதக் கடைசியில் இங்கிலீஷ் டெஸ்ட். தேறாத டிரைவருக்கு இனி சரக்கு வேன்தான். காய்கறி மூட்டையும் கேஸ் சிலிண்டரும்.

ஐம்பத்தாறு வயதில் சரக்கு வேனா? கடுகு வகுப்பில் சேர்ந்தார்.

வகுப்பு சாப்பாட்டு நேரத்தில், அரை மணி. போர்வையும் தலையணை உறையும் அடுக்கி வைக்கும் அறையில் நாலு பெஞ்சு. வரவேற்பில் உட்காரும் பெண்தான் டீச்சர். கடுகுக்குப் பக்கத்து இடம் லாண்டரியில் துணி மடிக்கும் அந்த அம்மாவுக்கு.

ஒரு நாள் பாடம் ‘டேக்’. மாத்திரை சாப்பிட்டாலும் டேக். லிஃப்டில் போனாலும் டேக். உட்காரச் சொன்னாலும், லீவு போட்டாலும், போட்டோ பிடித்தாலும் டேக். விமானம் கிளம்பினால் டேக் ஆஃப், சட்டையைக் கழற்றினாலும் அதேதான். இவனுங்களுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே கடுகு பென்சிலால் எழுதினார்.

புரிந்ததா என்று டீச்சர் கேட்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள். கடுகு முதலில் ஆட்டினார்.

அந்த அம்மா கையைத் தூக்கினார்.

“‘டேக் யுவர் டைம்’னா உன் வாட்ச்சை எடுத்துக்கன்னு அர்த்தமா டீச்சர்?”

அறையே சிரித்தது. கடுகுதான் சத்தமாகச் சிரித்தார். அவசரமில்லை, மெதுவாகச் செய் என்று அர்த்தம் என டீச்சர் விளக்கினாள். சிரிப்பு அடங்குவதற்குள் கடுகு நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு ரப்பரால் எதையோ அழித்தார்.

மறுநாளும் அதே கதை. ‘ஹவ் லாங் வில் இட் டேக்’ என்றால் எவ்வளவு நீளம் என்றா கேட்கிறார்கள் என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம். எவ்வளவு நேரமாகும் என்று டீச்சர் சொன்னாள். அதற்கடுத்த நாள் ‘டேக் எ லெஃப்ட்’. இடது பக்கம் இருப்பதை எடுக்கணுமா என்றார். இல்லை, இடது பக்கம் திரும்பணும்.

கடுகு வெடித்துவிட்டார்.

“ஏம்மா, நீ துணி மடிக்கிறவ. போர்வையா உன்கிட்ட இங்கிலீஷ் பேசப் போகுது? எங்க பொழப்பு இங்க தொங்குது. இருக்கிற அரை மணியையும் நீயே தின்னுட்டா நாங்க எப்பப் படிக்கிறது?”

அந்த அம்மா கோபப்படவில்லை.

“மண்டையில ஏறலண்ணே. என்ன பண்றது?”

டெஸ்ட் நாள் வந்தது. மேனேஜரே விருந்தாளி மாதிரி பின்சீட்டில் ஏறினார். ‘ஹவ் லாங் வில் இட் டேக்?’ என்றார். ‘ட்வென்டி மினிட்ஸ், சார்’ என்றார் கடுகு. ‘டேக் எ லெஃப்ட்’ என்றதும் கார் இடது பக்கம் திரும்பியது. ‘டேக் யுவர் டைம்’ என்றதும் வேகம் குறைந்தது. இறங்கும்போது மேனேஜர் கை கொடுத்தார்.

கடுகு நேராக வரவேற்புக்குப் போனார். நன்றி சொல்லிப் பழக்கமில்லை. கார் சாவியை ஆட்டிக் காட்டினார். டீச்சருக்கு ஒரே சந்தோஷம்.

அந்த அம்மாவை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. அந்தம்மாவுக்கு என்னாச்சு, பெயிலா என்று டீச்சரிடமே விசாரித்தார்.

“லாண்டரிக்கு ஏதுண்ணா டெஸ்ட்? அவங்க என்னைவிட நல்லா இங்கிலீஷ் பேசுவாங்க. முதல் நாள் துணி அடுக்க வந்தப்போ உங்க நோட்டைப் பார்த்திருக்காங்க. ‘அந்த அண்ணன் தப்புத் தப்பா எழுதுறாரு, வாயைத் திறந்து கேட்க வெக்கப்படுறாரு. நான் கேக்குறேன், நீ பதில் சொல்லு’ன்னு அவங்களாத்தான் வந்து உட்கார்ந்தாங்க.”