வரேன்னு சொல்லுடி

மணவாளன் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. பேட்டரி கழற்றிய அவருடைய செல்போன் கடலூர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவர் மனைவி அமிர்தம் தினமும் அந்த எண்ணுக்குக் கூப்பிடுவாள். "நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு பெண்குரல் சொல்லும்.

சிதம்பரத்திலிருந்து வந்திருந்த மகள் பவானி சிரித்தாள்.

"யாருகிட்டம்மா பேசற?"

"இந்தப் பொண்ணுகிட்டதான். எவ்ளோ மரியாதையா சொல்லுது."

"அது கம்ப்யூட்டரும்மா. நீ திட்டினாலும் அதையேதான் சொல்லும்."

"மனுஷங்களா இருந்தா?"

"நீ பேசறதுக்குப் பதில் பேசுவாங்க."

கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அவர் இருந்த நாளில், அமிர்தம் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது வேண்டுமென்றே 'போறேன்' என்பாள். மணவாளன் பேப்பரிலிருந்து தலைதூக்காமல், "வரேன்னு சொல்லுடி" என்பார். அதை இன்னொரு தடவை கேட்பதற்காகவே அவள் சொல்லாமல் வாசலில் நிற்பாள். சொல்லும்வரை அவரும் விடமாட்டார்.

மத்தியானம் பவானி பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அமிர்தம் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். பெண்குரல் வழக்கமானதைச் சொல்லி முடித்தது.

"சரி, போறேன்" என்றாள் அமிர்தம்.

லைன் கட்டாகவில்லை. அதே பெண்குரல், அதே மரியாதையோடு சொன்னது.

"வரேன்னு சொல்லுடி."

அமிர்தம் போனைக் காதிலிருந்து எடுக்காமல் வாசலுக்கு வந்தாள்.

"போயிட்டு வரேம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சி. யாரு லைன்ல?"

அமிர்தம் தலையை மட்டும் அசைத்தாள். மகள் தெருமுனை திரும்பிய பிறகும், வாயை இறுக மூடிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி வாசலிலேயே நின்றாள்.

"வரேன்னு சொல்லுடி" என்றது குரல்.