மேஜரம்மா தைத்த கால்

அவர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்.

கற்பூரம்தான் கேட்டார். ஆக்சிஜன் உருளைக்குப் பக்கத்தில் கற்பூரம் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

"இனி நான் சொல்லுததுல ஒரு எழுத்து பொய்யின்னா, என் கடை சாம்பார் ஊசிப் போவட்டும்."

திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். சாம்பார் மேல் சத்தியம் என்றால் புளுகு பெரிதாகத்தான் வரும்.

சாம்பார்க்காரரின் பெயர் உச்சிமாகாளி. பட்டாளத்தில் சமையல்காரர். டாக்டரம்மா மேஜராக இருந்த மலை முகாமில் அடிபட்டு, அவர் கையால் உயிர் பிழைத்தவர். டாக்டரம்மா பட்டாளத்தை விட்டு இந்த நெடுஞ்சாலை ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவுக்கு வந்தபோது, பின்னாலேயே வந்து எதிர்ச்சாரியில் 'மேஜர் மெஸ்' திறந்தார். சந்தையிலிருந்து காய்கறி வேனை இன்றைக்கும் அவரேதான் ஓட்டி வருகிறார். அந்த வேன் சாவியைக் கட்டில் போர்வை மேல் வைத்துவிட்டுத்தான் சத்தியத்துக்குக் கையை நீட்டினார்.

கட்டிலில் செங்கோடன். நாமக்கல் லாரி ஓட்டுநர்.

பாலத்துச் சுவரில் வண்டி மோதியதில் இடது கால் நசுங்கிக் கருத்துவிட்டது. காலை எடுத்தால் ஆள் பிழைப்பான். பொழுது சாயும்வரை விட்டால் ஆளே போய்விடுவான்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அதட்டிச் சொன்னார். கெஞ்சியும் சொன்னார்.

சரி என்று ஒரு சொல். அது கிடைக்கவில்லை.

"கால எடுத்துப்போட்டா கெளட்ச எதுலீங்க மிதிக்கறது?"

கேட்டுவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

குண்டுச் சத்தத்துக்கு நடுவே எத்தனையோ கால்களை எடுத்தவர் டாக்டரம்மா. கிளட்ச் மிதிக்கிற காலைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை.

மெஸ்ஸுக்கு ஆள் அனுப்பினார்.

உச்சிமாகாளி இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார்.

கதை பனிமலையில் ஆரம்பித்தது. குண்டு விழுந்ததாம். அவர் கால் ஒற்றை நரம்பில், உரித்த முருங்கைக்காய் மாதிரி தொங்கியதாம். தைக்க நூல் இல்லை. மேஜரம்மா ஊருக்குக் கட்டிப்போக வைத்திருந்த பட்டுப் புடவையில் சரிகையை உருவினார். அரிசி மூட்டை தைக்கிற கோணி ஊசியில் கோத்தார்.

லாந்தர் பிடிக்க ஆளில்லை. பொதி சுமக்கிற கோவேறு கழுதை ஒன்று பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டது. இன்னொரு கழுதை பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

போன வருடம் சொன்னபோது ஒரு கழுதைதான் இருந்தது.

பாதித் தையலில் இன்னொரு குண்டு கூடாரத்துக்குள்ளேயே வந்து விழுந்தது. மேஜரம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முடிச்சுப் போடும்வரை வெடிக்கக் கூடாது என்றார். குண்டும் மரியாதை தெரிந்த குண்டு. காத்திருந்தது. முடிச்சு விழுந்ததும் தானே வெளியே உருண்டுபோய், ஓரமாக வெடித்துக்கொண்டது.

மறுநாள் பிரிகேடியர் வந்து விறைப்பாக சல்யூட் அடித்தார்.

மேஜரம்மாவுக்கு அல்ல. காலுக்கு.

திரை இடுக்கில் செங்கோடனின் தோள் குலுங்குவது தெரிந்தது. வலி என்று நினைத்து டாக்டரம்மா ஊசி மருந்தை எடுத்தார்.

வலி இல்லை. சிரிக்கிறான்.

டாக்டரம்மா மருந்தைக் கீழே வைத்தார். அந்தக் கூடாரத்தில் அவருக்கு நினைவிருப்பது வேறு. மயக்கம் தெளிந்த உச்சிமாகாளி போர்வையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "மேஜரம்மா, சாப்டியளா?" என்று கேட்டார். டாக்டரம்மா அன்றைக்கு முழுதும் சாப்பிட்டிருக்கவில்லை.

கதையில் கழுதைகள் பெருகுகின்றன. இந்த இடம் மட்டும் வருவதேயில்லை.

செங்கோடன் சுவரை விட்டுத் திரும்பினான். சரிகை இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். தீபாவளிக்குத் தீபாவளி மின்னும் என்றார் உச்சிமாகாளி.

"எந்தக் காலுங்ண்ணா?"

"நீயே பாத்துச் சொல்லுடே."

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்து காட்டினார். கதவருகில் பட்டாளத்து வழக்கப்படி சட்டென்று திரும்பினார். மறுபடி நடந்தார்.

செங்கோடன் கழுத்தைத் தூக்கிப் பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். லாரி டயரில் காற்றுப் பார்க்கிறவன் கண் அது.

"வலதுங்களா?"

உச்சிமாகாளி கட்டிலருகில் வந்தார். பேண்டை மடித்துச் சுருட்டினார். விரல் முட்டியால் தட்டினார்.

டொக்.

செங்கோடன் காலைப் பார்த்தான். பிறகு, போர்வை மேல் கிடந்த வேன் சாவியைப் பார்த்தான்.

சிரிப்பு நின்றிருந்தது.

திரைக்கு இந்தப் பக்கம் டாக்டரம்மா புதுக் கையுறையைப் பிரித்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்.

உச்சிமாகாளிக்கு இடது முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக். அசல் காலை அறுத்தெடுத்தவர் மேஜரம்மா.