மூட்டுவலிச் சூரணம்

"எங்கம்மா திங்கிற மருந்துங்க மேடம் இது. உள்ள என்ன இருக்குதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லோணும்." தனபால் சூரணப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அமலோற்பவம் பொட்டலத்தைப் பிரித்தாள். கசப்பு வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. அதே வாடைதான், சந்தேகமே இல்லை.

கொல்லிமலை மிளகின் காரத்தை அளந்து சொல்கிற சின்ன ஆய்வகம் அது. அங்கே கூட்டிப் பெருக்குகிற கண்ணாயி, மூட்டுவலிக்கு யாரிடமோ சூரணம் வாங்கித் தின்று, முகமெல்லாம் பூசணிக்காயாய் வீங்கி, இப்போது நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவள் மிச்சம் வைத்திருந்த பொடியை அமலோற்பவம் மெஷினில் போட்டுப் பார்த்தாள். தோழி ஒருத்தியிடம் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டோடு ஒப்பிட்டதில் குட்டு உடைந்தது. கொடுத்தவன் யார் என்பதுதான் தெரியவில்லை.

"பேரைச் சொன்னா மருந்து பலிக்காதுங்க கண்ணு, சத்தியம் வாங்கியிருக்காரு" என்றதோடு கண்ணாயி வாயை மூடிக்கொண்டாள். எப்பேர்ப்பட்ட கேடுகெட்ட புத்தி பாருங்கள். விஷத்தையும் கொடுத்து, வாயையும் கட்டிப்போட்டிருக்கிறான் படுபாவி.

தனபாலின் பொடியைக் கரைத்து, வடிகட்டி, மெஷினில் ஏற்றினாள். திரையில் தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்த கோடு திடீரென்று எகிறி இறங்கியது. கண்ணாயியின் பொடிக்கு எகிறிய அதே இடம்.

"ச்சீ, மனுஷனா அவன்? மூலிகைன்னு சொல்லி ஸ்டீராய்டு மாத்திரையை அரைச்சுக் கலந்திருக்கான். வலி உடனே போகும். அப்புறம் சுகர் ஏறி, எலும்பு உளுத்து, ஆளே போயிடும்."

தனபால் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். "இத்தன பச்சிலைக்குள்ள அதை மட்டும் எப்பிடிங்க கண்டுபுடிச்சுது?"

பாவம், பெற்ற தாயைப் பற்றிக் கேட்கக்கூடத் தோன்றாத அளவுக்கு ஆடிப்போய்விட்டான் என்று அவள் நினைத்தாள்.

"கலந்திருக்கறது எல்லாம் இந்தக் குழாய்க்குள்ள தனித்தனியாப் பிரிஞ்சு வரும். வெளிய வர்ற இடத்துல புற ஊதா லைட் எரியுது. அந்த ஒளியை உறிஞ்சற பொருள் எது வந்தாலும் கோடு எகிறிக் காட்டிக் குடுத்துடும்."

"உறிஞ்சாத பொருளா இருந்தா என்னங்க ஆகும்?"

"அது வந்துட்டுப் போனதே இதுக்குத் தெரியாது. சக்கரையைக் கலந்தாக்கூட இந்த லைட்டுக்குச் சிக்காது. ஆனா ஸ்டீராய்டு தப்பிக்கவே முடியாது."

தனபால் மெல்லத் தலையாட்டினான். அமலோற்பவத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. நோவில் துடிக்கிற ஏழைகளின் வாயில் இதைக் கொட்டிக் காசு பார்க்கிறவனும் மூன்று வேளை சோறுதானே தின்கிறான்? அந்தச் சூரணத்தை அவன் வாயிலேயே அள்ளிப் போட்டால்தான் மனசு ஆறும் போலிருந்தது.

"அவன் பேரை மட்டும் சொல்லுங்க. கண்ணாயி மாதிரி இன்னும் எத்தனை பேரு இதைத் தின்னுக்கிட்டு இருக்காங்களோ. பயப்படாதீங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே கூட வர்றேன்."

தனபால் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெற்றிலை நாற்றம் அவள் முகத்தில் அடித்தது.

"சேலத்துப் பெரிய கடைக்காரங்க மெஷின்ல பாத்துட்டுத்தான் சரக்கு எடுப்பாங்களாமுங்க" என்று குரலைத் தணித்தான். "அந்த லைட்டுக்குச் சிக்காத வலி மருந்து எதுன்னு மட்டுஞ் சொல்லுங்க மேடம், இனிமே அதையே கலந்துக்கறனுங்க."