யுவராணியின் வளையம்

"வளையம் வரலைன்னா கையெழுத்து கிடையாது" என்று கைடு கலியமூர்த்தி சார் கறாராகச் சொல்லிவிட்டார்.

லோகேஷின் பிஎச்.டி. அந்த வளையத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த மாதம் தீசிஸ் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. அண்ணனூரில் அவன் அம்மா அவசரப்பட்டு 'டாக்டர் லோகேஷ்' என்று வாசலில் போர்டே மாட்டிவிட்டாள். அதைப் பார்த்துவிட்டுக் காய்ச்சல்காரர்கள் வேறு வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரி அது. அங்கே எக்ஸ்ரே மெஷின் இருக்கும் அறையில் போடும் ஏசிக்குப் பல்லிகூட மப்ளர் கட்டிக்கொள்ளும். லோகேஷ் தயாரித்தது வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய மஞ்சள் பிலிம். அரோமேட்டிக் பாலிமர் என்று பெயர். பெயரில்தான் வாசனை, மோந்து பார்த்தால் ஒன்றுமில்லை.

அதன் மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால் உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் அதைச் சிதறடிக்கும். அந்தச் சிதறல் விழும் படத்தை வைத்து அவை எப்படி நிற்கின்றன என்று சொல்லிவிடலாம். ஸ்டேஷன் கூட்டம் மாதிரி கண்டபடி நின்றால் படமும் மங்கல்தான். அடுக்கடுக்காக நின்றால் நடுவில் பளிச்சென்று ஒரு வளையம் விழும்.

அந்த வளையத்தை முதலில் கண்டவள் சீனியர் யுவராணி. அதை ஆராய்ச்சிப் பத்திரிகையில் பேப்பராக எழுதித்தான் பெயர் வாங்கினாள். ஜப்பானிலிருந்து வேலைக்கு அழைப்பே வந்துவிட்டது. அதே பாலிமர், அதே மெஷின். லோகேஷுக்கு மட்டும் மாசக்கணக்காக வளையம் வரவில்லை.

உனக்குக் கை சரியில்லை என்றார் சார். லோகேஷ் விடுகிற ஆளில்லை. பிலிமைத் திரும்ப ஊற்றினான், காயவைத்தான், சுட்டான், மாட்டினான். பாலிமரே அலுத்துப்போய் 'ஆளை விடுப்பா' என்றிருக்கும்.

ஒருநாள் வந்தேவிட்டது வளையம்.

ஓடிப்போய் யுவராணியிடம் காட்டினான். அவள் பாராட்டவில்லை. பிலிமை எப்படி மாட்டினாய் என்று கேட்டாள். வழக்கமாகப் போடும் கிளிப் உடைந்துவிட்டது, அதனால் நீங்கள் ஒட்டுகிற மாதிரியே மஞ்சள் டேப் போட்டு ஒட்டினேன் என்றான்.

அவள் முகம் செத்துவிட்டது. "இதை சார்கிட்ட இப்போ காட்டாத. கொஞ்சம் பொறு."

அப்புறம் மெஷின் அறையில் போய் உட்கார்ந்தவள்தான். யாரையும் உள்ளே விடவில்லை.

பக்கத்து மேஜை ஜாகிர் சிரித்தான். "மாமே, உனக்கும் வளையம் வந்துட்டா அக்காவுக்கு இன்னா மரியாதை? ஜப்பான் போற வரைக்கும் உன்ன ஓரங்கட்டித்தான் வெச்சிருக்கும்."

லோகேஷுக்கு அது சரியாகத்தான் பட்டது. நேரே சாரிடம் போய்ப் படத்தை வைத்தான்.

நேர்மை இல்லாதவன் ஆராய்ச்சிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்கு மைக் சூடேறப் பேசுகிறவர் சார். வளையத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பேனாவைத் திறந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு யுவராணி வந்தாள். "கையெழுத்துப் போடாதீங்க சார்."

லோகேஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாக்கா, வளையத்த உங்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்துட்டாங்களா?"

அவள் மேஜைமேல் ஒரு படத்தை வைத்தாள். நடுவில் வளையம். லோகேஷ் எடுத்ததைவிட, ஏன், அவளே முன்பு எடுத்ததைவிடப் பளிச்சென்று இருந்தது.

"பிரமாதம்" என்றார் சார். "யாரோட பிலிம்?"

"பிலிமே இல்ல சார். வெறும் டேப்."

அந்த டேப்பும் அதே இனத்துப் பாலிமர்தான். இரண்டு பேருக்கும் விழுந்த வளையம் அதனுடையது. பிலிமுக்கும் வளையத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. லோகேஷ் கிளிப் போட்டு எடுத்த, வளையமே வராத படங்கள் அத்தனையும் சரி. வளையம் வந்த ஒன்றுதான் தப்பு.

சார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழும் போட்டார்.

"யுவராணி, அந்தப் பேப்பர்ல என் பேரும் இருக்கு. இப்போ லோகேஷுக்கும் வளையம் வந்தாச்சு. அவனுக்கு இன்னிக்கே கையெழுத்து. இது நம்ம மூணு பேருக்குள்ளேயே இருக்கட்டும்."

லோகேஷ் பேனாவைப் பார்த்தான். யுவராணியைப் பார்க்க முடியவில்லை.

"ஜப்பான்காரங்களுக்குத் தெரிஞ்சா உன் வேலை போயிடும்மா" என்றார் சார், ரொம்பக் கனிவாக.

"தெரிஞ்சாச்சு சார். நான் சொன்னது தப்பு, லோகேஷோட பழைய படங்கதான் சரின்னு அவங்களுக்கும் பத்திரிகைக்கும் எழுதி அனுப்பிட்டுத்தான் உள்ளே வந்தேன்."