கண்ணாடிக்கு உள்ளே

சாயங்கால வெயில் கடையின் கண்ணாடிக் கதவில் சாய்ந்திருக்கிறது. முகக்கவசம் போட்ட தையல்காரி கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே தனியாகத் தைக்கிறாள். புற்றுநோய் மருந்து அவள் ரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்துவிட்டது. சாதாரணச் சளிகூட உயிருக்கு உலை வைத்துவிடும். வெளியே நிற்கும் தங்கை தும்மிவிட்டு, மூக்கைத் துடைத்தபடி கத்துகிறாள். "உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே. கடையை மூடிட்டு வீட்ல இரு அக்கா!" "உடம்புல இல்லன்னா என்னடி, வாயில வேணுங்கிற அளவு இருக்கு. நீ மொதல்ல போய் ஆவி புடி!" என்று உள்ளிருந்தே பதில் கொடுக்கிறாள் அக்கா. தங்கைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன. தையல்காரியின் தலைத்துணி நழுவி விழுகிறது. அவள் அதை எடுக்கவில்லை. முடி கொட்டிய தலையில் வெயில் மின்ன, தெருவே பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்து மிதியை அழுத்துகிறாள். இயந்திரம் தடதடவென ஓடுகிறது.