விரல் பார்த்த துப்பாக்கி

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கேட்டதை அப்படியே சொல்கிறேன். ஆயுத பூஜையன்று, மாமனார் காலத்துக் கைத்துப்பாக்கிக்கும் என் அரிவாள்மணைக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன்.

"நான் தினமும் காய் நறுக்குகிறேன். சும்மா கிடக்கிற உனக்கும் பொட்டா?" என்றது அரிவாள்மணை.

"சும்மா இல்லையடி, காத்திருக்கிறேன்," என்றது துப்பாக்கி. "தாத்தன் துடைத்தான், அப்பன் துடைத்தான். ரெண்டு பேருக்கும் விரல் நடுங்கியது. இன்றைக்குப் பேரன் துடைத்தான். நடுங்கவில்லை."

பேரன் என்றால் என் மகன் தணிகைவேல். லைசென்ஸை அவன் பேருக்கு மாற்ற என் வீட்டுக்காரர் மனு எழுதி வைத்திருந்தார்.

மனுவை அடுப்பில் போட்டேன். பொட்டு காய்வதற்குள் அவரை இழுத்துக்கொண்டு போய்த் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். துப்பாக்கியைத் திரும்ப வாங்கத் தேவையான ரசீது அரிவாள்மணைக்கு அடியில் இருக்கிறது. அங்கே என் மகன் கை வைக்க மாட்டான்.